லையா, லேயா? பலகையில முட்டை கீறிட்டுப் போன கெஸ்ற்

நிலாவெளிக்காத்து | வெள்ளி இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னப் பிரச்சினை, சிரிக்காமல் வாசியுங்கோ.

நிலாவெளியில கடற்கரைப் பக்கமா எங்களுக்கு நாலு அறை வச்ச கெஸ்ற் ஹவுஸ் ஒண்டு இருக்குது. மே தொடங்கி செப்ரெம்பர் மட்டும்தான் சீசன். பிறகு வாடைக்காத்தோட கடல் குழம்பிடும், ஆக்களும் வரமாட்டினம். இந்த முறை வேப்பமரத்துக்குக் கீழ நாலு சன்பெட் வாங்கிப் போட்டன். ரோட்டால போறவை வாறவை எல்லாம் வந்து ஏறிப் படுக்கத் தொடங்கிட்டினம். சரி, எங்கட அறைக்காரருக்கு மட்டும்தான் எண்டு விளங்கட்டும் எண்டு ஒரு பலகையில நானே பெயின்ற் எடுத்து ஆங்கிலத்தில எழுதினன்: 'அவர் கெஸ்ற்ஸ் கேன் லே ஹியர்'.

ஒரு மாசம் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. போன கிழமை இங்கிலாந்தில இருந்து ஒரு வயசான சோடி வந்து நிண்டது. நல்ல மனிசர். அவை போன அண்டு காலமை பாக்கிறன், அந்த 'லே'க்குப் பக்கத்தில பென்சிலால வடிவா ஒரு முட்டை. கீழ வைக்கோல் வேற கீறியிருக்குது.

மகளிட்டக் காட்டினன். அவள் சாதாரண தரச் சோதினை எடுக்கிறவள். விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டு, "அப்பா, லே எண்டால் முட்டை போடுறது, படுக்கிறதுக்கு லை" எண்டாள். அப்ப ஏன்டி உன்ர ரியூசன் கொப்பியில 'ஹீ லே ஒன் த பெட்' எண்டு சரி போட்டுக் கிடக்குது, அந்த ஆள் என்ன கட்டில்ல முட்டையே போட்டவர் எண்டு கேட்டன். அவளுக்கும் மறுமொழி தெரியேல்ல. இப்ப வீட்டில ரெண்டு பேரும் முழிச்சுக்கொண்டிருக்கிறம். தெரிஞ்சவை சொல்லுங்கோ. பலகையைத் திருப்பி எழுத வேணும்.

கோட்டைமான் | வெள்ளி இரவு 8.52

அண்ணை, நாலு சன்பெட், நாளுக்கு நாலு முட்டை. காலைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

நிலாவெளிக்காத்து | வெள்ளி இரவு 8.55

சிரிக்காமல் வாசியுங்கோ எண்டு முதல் வரியிலயே எழுதினனான் தம்பி.

பழையரீச்சர் | வெள்ளி இரவு 9.30

தம்பி, முப்பது வருசத்துக்கு மேல சோக்குக் கட்டியோட நிண்டனான். இந்தக் கேள்வி வராத வருசம் இல்லை. ஆறுதலாச் சொல்லுறன்.

ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒரு பக்கம் வையுங்கோ. முதல்ல தமிழ். 'மான் கிடக்குது'. 'மானைக் கிடத்தினான்'. முதலாவதில மான் தன்பாட்டில கிடக்குது. ரெண்டாவதில ஆரோ ஒருத்தர் அதைப் பிடிச்சுக் கிடத்துறார். பள்ளிக்கூடத்தில தன்வினை, பிறவினை எண்டு பாடமாக்கினது ஞாபகம் வருதா? திருந்து, திருத்து. உருளு, உருட்டு. அடங்கு, அடக்கு. அதேதான். லை எண்டால் கிட. லே எண்டால் கிடத்து.

அதால லே வந்தால் பக்கத்தில 'எதை?' எண்டு கேட்டுப் பாருங்கோ. மறுமொழி இருக்க வேணும். 'ஷீ லேஸ் த மற்'. எதை? பாயை. சரி. உங்கட பலகையில 'கெஸ்ற்ஸ் கேன் லே ஹியர்' எண்டு கிடக்குது. எதை? ஒண்டும் இல்லை. அந்த இடம் வெறுமையாக் கிடக்குது. ஆங்கிலத்தில லேக்குப் பிறகு 'எதை' எண்டதைச் சொல்லாமல் விட்டாலும் விளங்குறது கோழி விசயத்திலதான். 'த ஹென் லேஸ் எவ்ரி டே' எண்டால் எதை எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். உங்கட கெஸ்ற் அந்த வெறும் இடத்தைத்தான் பென்சிலால நிரப்பியிருக்கிறார். இலக்கணம் தெரிஞ்ச குசும்பர்.

இனி உங்கட மகளின்ர கொப்பி. அதுவும் சரிதான். பிரச்சினை காலம் மாறேக்கதான் தொடங்குது. திருகோணமலைக் கோட்டைக்குள்ள ஆலமரத்துக்குக் கீழ மான் கிடக்கிறதை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம். இண்டைக்கு 'த டியர் லைஸ் அண்டர் த ற்ரீ'. நேற்று எண்டால் 'த டியர் லே அண்டர் த ற்ரீ'. காலமையில இருந்து எழும்பவே இல்லை எண்டால் 'இற் ஹாஸ் லேன் தேர் ஓல் மோர்னிங்'. கண்டீங்களா, கிட எண்ட சொல்லின்ர இறந்தகாலம் வந்து கிடத்து எண்ட சொல்லின்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு நிக்குது.

மற்றதுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இண்டைக்கு 'லே', நேற்று 'லேட்', 'ஹாஸ்' போட்டாலும் 'லேட்'. பாயை விரிச்சாள், 'ஷீ லேட் த மற்'.

இதுக்கு மேல மூண்டாவது ஒண்டு இருக்குது. பொய் சொல்லுறதுக்கும் லைதான். ஆனால் அது வேற வேரில இருந்து வந்த வேற சொல். அதுக்கு லை, லைட், லைட். மான் நேற்று 'லைட்' பண்ணினது எண்டு எழுதினால் மான் பொய் சொன்னது எண்டுதான் கருத்து. ஒவ்வொரு வருசமும் ரெண்டு மூண்டு பிள்ளையள் மானைப் பொய் சொல்ல வச்சிடுவினம்.

தஞ்சைக்காரன் | வெள்ளி இரவு 10.05

அம்மா, அருமையான விளக்கம். ஒரு சின்ன சந்தேகம். லேட் என்றால் தாமதம் இல்லையா? லைட் என்றால் விளக்கு இல்லையா? படித்ததும் கொஞ்சம் தலை சுற்றிவிட்டது.

கோட்டைமான் | வெள்ளி இரவு 10.11

அண்ணா, நீங்கள் தமிழ்நாட்டு எழுத்தில வாசிக்கிறீங்கள். இஞ்ச தாமதம் 'லேற்', விளக்கு 'லைற்'. ற் போட்டால் ஒண்டு, ட் போட்டால் வேற ஒண்டு. 'லைற் போடு' எண்டால் விளக்குப் போடு. 'லைட்' எண்டால் பொய் சொன்னான். எங்கட ஆக்கள் ரீ, ரியூசன் எண்டு எழுதுறதைப் பாத்து நீங்கள் சிரிப்பியள், ஆனால் இண்டைக்கு அது உதவிட்டுது.

தஞ்சைக்காரன் | வெள்ளி இரவு 10.14

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் லைட் என்று எழுதிவிட்டு எந்த லைட் என்று மேலே இருக்கிற பல்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீனக்குடா66 | வெள்ளி இரவு 10.40

ரீச்சர் கோவிக்கக்கூடாது. இதெல்லாம் சோதினைக்கு மட்டும்தான். நான் ஹார்பரில அமெரிக்கக் கப்பல்காரரோட கதைச்சிருக்கிறன். அவங்கள் எல்லாரும் 'ஐ ஆம் கோயிங் ரு லே டவுன்' எண்டுதான் சொல்லுவாங்கள். ஒருத்தனும் முட்டை போடேல்ல. வெள்ளைக்காரனே பிழையாக் கதைக்கிறதை நாங்கள் ஏன் சரியாக் கதைக்க வேணும்?

பழையரீச்சர் | வெள்ளி இரவு 10.58

கோவம் இல்லை ராசா. நீர் சொல்லுறது மெய்தான். அமெரிக்காவில மட்டும் இல்லை, இங்கிலாந்திலயும் வீட்டுப் பேச்சில அப்பிடிக் கதைக்கிற ஆக்கள் ஏராளம். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில இருந்தே லையின்ர இடத்தில லே வந்து குந்திக்கொண்டுதான் இருக்குது. அது பிழை எண்டு அடிச்சுத் திருத்தத் தொடங்கினதே 18ஆம் நூற்றாண்டு இலக்கணகாரர்தான்.

ஆனால் ஒண்டு. கப்பல்ல கதைக்கேக்க காத்தோட போயிடும். பலகையில எழுதினால் அது அங்கயே நிக்கும், பென்சிலோட வாறவருக்கும் நேரம் இருக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதுற பிள்ளைக்கும் அதே கதைதான். கதைக்கிறதை உம்மட விருப்பத்துக்கு விடுறன். எழுதேக்க மட்டும் 'எதை' எண்டு ஒருக்காக் கேட்டுப்போட்டு எழுதும்.

ரைன்கரை | சனி அதிகாலை 1.20

வணக்கம் ரீச்சர். நான் உப்புவெளி, இப்ப ஜேர்மனி. இதை வாசிக்க எனக்கு இஞ்ச வந்த புதுசில பாசை படிச்ச வகுப்பு ஞாபகம் வந்திட்டுது.

ஜேர்மனில இது ரெண்டும் அச்சொட்டா அப்பிடியே இருக்குது. லீகன் எண்டால் கிட. லேகன் எண்டால் கிடத்து, வை. 'புத்தகம் மேசையில லீக்ற்', 'புத்தகத்தை மேசையில லேக்ற்'. அதோட விடமாட்டாங்கள். கிடக்கிறது எண்டால் மேசைக்கு ஒரு வேற்றுமை, கொண்டுபோய் வைக்கிறது எண்டால் அதே மேசைக்கு வேற வேற்றுமை. எங்கட வகுப்பில சிரியாக்காரர், எரித்திரியாக்காரர் எல்லாரும் தலையைச் சொறிய, நான் மட்டும் கிட, கிடத்து எண்டு கொப்பியின்ர கரையில எழுதி வச்சுக்கொண்டு தப்பினன். அதுக்காகத் தமிழுக்கு நன்றி சொல்ல வேணும். வேற்றுமையில மட்டும் எல்லாரோடயும் சேர்ந்து நானும் விழுந்தன்.

இன்னொண்டு. அந்த வகுப்பு ரீச்சர் சொன்னது. லீகன் எண்டதின்ர இறந்தகாலம் லாக். பழைய காலத்தில பிறவினை செய்யேக்க நிகழ்காலச் சொல்லை எடுக்காமல் இந்த இறந்தகாலத்து உயிரொலியை எடுத்து, அதுக்குப் பின்னால 'யன்' எண்டு ஒரு வால் ஒட்டினவையாம். லாக் எண்டதில இருந்து லாக்யன், அது தேய்ஞ்சு லேகன். ஆங்கிலமும் ஜேர்மனும் ஒரே வீட்டுப் பிள்ளையள் எண்டதால அங்கயும் அதேதான் நடந்தது. அதால ரீச்சர் சொன்ன அந்த 'உடுப்பு மாறினது' சும்மா தற்செயல் இல்லை. லையின்ர இறந்தகாலமும் லே எண்ட பிறவினையும் ஒரே துணியில வெட்டினது.

பழையரீச்சர் | சனி காலை 6.10

இதை முப்பது வருசமும் எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்ல. நான் பிள்ளையளுக்கு 'அது அப்பிடித்தான், பாடமாக்கு' எண்டு சொல்லிப்போட்டு விட்டனான். நன்றி தம்பி. அங்க பின்னிரவு ஆகப்போகுது, போய்ப் படும்.

சிற், செற்றும் அப்பிடித்தானே? அது இரு, இது இருத்து. 'சற்' எண்ட இறந்தகாலத்தில இருந்து செற். இப்ப விளங்குது.

ஓஎல்பிள்ளை | சனி காலை 9.15

ரீச்சர், நான் நிலாவெளிக்காத்தின்ர மகள். அப்பாவின்ர போனில இருந்து எழுதுறன். நேற்று இரவு முழுக்க இதையே யோசிச்சன். எனக்கு ஒண்டு பிடிபட்டிருக்குது, சரியோ தெரியேல்ல.

நீங்கள் கிட, கிடத்து எண்டு சொன்னீங்கள். அதில குழப்பமே இல்லை. கிடந்தான், கிடத்தினான். ந்த, த்த வித்தியாசம் காதுக்கே கேக்குது. ஆனால் நாங்கள் வீட்டில கிட எண்டு கூடச் சொல்லுறதில்லை, படு எண்டுதானே சொல்லுறம். படு எண்டால் தன்வினை. படுத்து எண்டால் பிறவினை, 'குழந்தையைப் படுத்து'. இப்ப படு எண்டதுக்கு இறந்தகாலம் என்ன? 'படுத்தான்'. 'படுத்து எழும்பினான்'. அந்தப் படுத்து எண்டதும் 'குழந்தையைப் படுத்து' எண்டதில வாற படுத்தும் எழுத்தில ஒண்டுதானே!

அப்ப தமிழிலயும் தன்வினையின்ர இறந்தகாலம் வந்து பிறவினையின்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு நிக்குது. லை, லே மாதிரியே. எங்களுக்கு ஒருநாளும் குழம்பினதில்லை. 'அம்மா படுத்தா' எண்டால் அம்மா படுத்தா. 'அம்மா படுத்தினா' எண்டால் தம்பியைப் படுத்தினா. அந்த 'இன்' வந்தால் ஆரையோ படுத்தினது. ஆங்கிலத்தில அந்த 'இன்' மாதிரி வேலை செய்யிறது லேட் எண்டதில வாற 'ட்' தானே?

பழையரீச்சர் | சனி காலை 9.40

பிள்ளை, நீ இருக்கிற இடத்தில இருந்தே ஒரு சபாஷ் வாங்கிக்கொள்.

அச்சொட்டா அதேதான். படு, படுத்தான். படுத்து, படுத்தினான். லை, லே. லே, லேட். நாலு கட்டமும் பொருந்துது. ஆங்கிலக்காரர் இதில விழுந்தெழும்புறதைப் பாத்து எனக்கு எப்பவும் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. இப்ப பாத்தால் எங்கட வீட்டுப் பாயிலயே அந்தச் சிக்கல் கிடந்திருக்குது. தாய்மொழி எண்டபடியால் கால் தடக்கேல்ல, அவ்வளவுதான்.

சோதினைக்கு இதையே வச்சுக்கொள். வசனத்தைத் தமிழில சொல்லிப்பார். படுத்தான் எண்டு வந்தால் லே. படுத்தினான் எண்டு வந்தால் லேட்.

தஞ்சைக்காரன் | சனி காலை 10.02

இந்தக் குழந்தைக்கு யாராவது ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். எங்கள் ஊரில் 'ஏன் இப்படிப் படுத்துகிறாய்' என்றால் 'ஏன் இப்படித் தொல்லை கொடுக்கிறாய்' என்று பொருள். இனி அதைச் சொல்லும்போதெல்லாம் லே ஞாபகம் வந்து தொலைக்கும்.

கிண்ணியாக்கரை | சனி பகல் 12.30

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நம்மட வீட்டில ஆடு மாடு இருக்கு. எங்கட வாப்பா காலத்தில இருந்து அதுதான் தொழில். அதால எனக்கு ஒரு விசயம் சொல்ல இருக்கு.

ஆட்டுக்குப் பூச்சி மருந்து குடுக்கிற போத்தல்ல ஆங்கிலத்தில 'ட்ரெஞ்ச்' எண்டு போட்டிருக்கும். எனக்குத் தெரிஞ்ச ட்ரெஞ்ச் எண்டால் மழையில தோய நனையிறது. ஆட்டை மருந்தில தோய்க்கிறதாக்கும் எண்டு முதல் தடவை ஒரு வாளியும் எடுத்துவச்சிட்டன். நல்லவேளை, மிருக வைத்தியர் வந்து, வாயால குடிக்கப் பண்ணுறதுக்கும் ட்ரெஞ்ச் எண்டுதான் சொல்லுற எண்டார். இப்ப இந்த இழையை வாசிக்க ஒரு சந்தேகம். ட்ரிங்க், ட்ரெஞ்ச், இதுவும் அந்தச் சோடிதானா?

ரைன்கரை | சனி பிற்பகல் 2.45

நானா, அதேதான்! ட்ரிங்க் தன்வினை, ட்ரெஞ்ச் பிறவினை. ட்ராங்க் எண்ட இறந்தகால ஒலியில இருந்து வந்தது. முதல் கருத்தே குடிக்கப் பண்ணுறதுதான். மழையில நனையிற கருத்துப் பிறகு வந்து ஒட்டினது. ஜேர்மனில ட்ரெங்கன் எண்டால் இப்பவும் மாட்டுக்குத் தண்ணி குடுக்கிறது.

எங்கட அம்மம்மா 'பிள்ளைக்குப் பால் பருக்கிப்போட்டு வாறன்' எண்டு சொல்லுவா. பருகு, பருக்கு. ட்ரிங்க், ட்ரெஞ்ச். வெட்டி ஒட்டின மாதிரி இருக்குது.

கிண்ணியாக்கரை | சனி பிற்பகல் 3.00

மாஷா அல்லாஹ். நம்மட ஊரிலயும் பருக்குறதுதான். நாளைக்கு ஆட்டுக்கு மருந்து பருக்கக்குள்ள ஆட்டுக்கும் இலக்கணம் சொல்லிக் குடுக்கிறன்.

சீனக்குடா66 | சனி பிற்பகல் 4.20

சரி, நானும் தோத்துப்போனன், வகுப்பில சேருறன். ரீச்சர், அந்த மூண்டாவது, லேன், அதை ஆரும் எங்கயாவது பாவிக்கிறவையா? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பழையரீச்சர் | சனி மாலை 5.05

பேச்சில குறைவு. ஆனால் உம்மட சீனக்குடாவிலயே அதுக்கு நல்ல உதாரணம் கிடக்குது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரர் திருகோணமலைக்குக் குண்டு போட்ட அண்டு எரிஞ்ச எண்ணெய்த் தாங்கி தெரியும்தானே. அது அண்டையில இருந்து அப்பிடியே கிடக்குது. அந்த 'அண்டையில இருந்து இண்டைவரைக்கும்' வாற இடம்தான் லேனின்ர இடம். 'இற் ஹாஸ் லேன் தேர் சின்ஸ் 1942'.

அதே நாள் ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பல், குண்டுவீச்சுக்குத் தப்ப எங்கட துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டும், மட்டக்களப்புக்கு அங்கால கடல்ல தாண்டுபோச்சுது. அதுவும் 'ஹாஸ் லேன்' தான். எனக்குச் சின்ன வயசில அப்பா இந்த ரெண்டு கதையையும் ஒரே மூச்சில சொல்லுவார், அதால எனக்கு லேன் எண்டாலே துருப்பிடிச்ச இரும்பின்ர மணம்தான் வரும்.

கப்பலுக்கு லை எண்டு சொல்லுறதும் பழைய வழக்கம். நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலை 'லையிங் அற் அங்கர்' எண்டுவினம். நாங்களும் 'உள் துறைமுகத்தில மூண்டு கப்பல் கிடக்குது' எண்டுதானே சொல்லுறம்.

வோட்நைற் | சனி இரவு 7.50

நான் தாதி. சீசனில வெளிநாட்டு ஆக்கள் முள்ளம்பன்றி மாதிரி இருக்குமே அந்தக் கடல் முள்ளியை மிதிச்சுப்போட்டு வருவினம், ஸ்கூட்டரில விழுந்து வருவினம். எங்களுக்கு இந்தச் சொல் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வேணும்.

புதுசா வேலைக்கு வந்த காலத்தில நான் எல்லாருக்கும் 'லே டவுன்' எண்டுதான் சொன்னனான். ஆக்களும் படுத்தினம், பிரச்சினை இல்லை. எக்ஸ்றே எடுக்கேக்க 'லே ஸ்ரில்' எண்டு சொன்னன். ஒரு அயர்லாந்து மனிசி வலியோட வலியா என்னைப் பாத்து 'லை, டார்லிங், லை' எண்டா. நான் என்ன நினைச்சன் தெரியுமோ, நான் பொய் சொல்லுறன் எண்டு சொல்லுறா எண்டு. எனக்கு முகம் விழுந்துபோச்சு. பிறகு தங்கச்சிமாரிட்ட விசாரிச்சுத்தான் விளங்கினது, அவ என்னைத் திருத்தியிருக்கிறா.

ஆனால் ஸ்ரெச்சரில தூக்கிக்கொண்டு வாறவையளுக்கு 'லே ஹிம் ஹியர்' எண்டு சொல்லுறது சரிதானே ரீச்சர்? எதை எண்டு கேட்டால் 'அவரை' வருது.

பழையரீச்சர் | சனி இரவு 8.02

சரி, நூற்றுக்கு நூறு.

ஓஎல்பிள்ளை | சனி இரவு 8.30

ரீச்சர், ரைஸும் ரெய்ஸும் இதே மாதிரியா? அதுவும் எனக்கு மாறுது.

பழையரீச்சர் | சனி இரவு 8.55

அதேதான் பிள்ளை, அது இன்னும் லேசு. ஏறு, ஏற்று. கொடி ஏறுது, ரைஸ். கொடியை ஏத்துகினம், ரெய்ஸ். இதில உடுப்பு மாத்துற கள்ள வேலை இல்லை. ரைஸ், ரோஸ், ரிசன். ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்.

கடையில போய் நிண்டு கவனி. முதலாளி எப்பவும் 'விலை ஏறிட்டுது' எண்டுதான் சொல்லுவார், தன்வினை. ஏதோ விலை தன்ர காலால தட்டில ஏறிக் குந்தின மாதிரி. வாங்க வந்த மனிசி 'விலையை ஏத்திப்போட்டாங்கள்' எண்டுவா, பிறவினை. ஏறிட்டுது எண்டால் குற்றவாளி இல்லை. ஏத்தினது எண்டால் ஆர் எண்டு கேக்கலாம். ஆங்கிலப் பத்திரிகையிலயும் ரைஸ் போட்டிருக்கா ரெய்ஸ் போட்டிருக்கா எண்டு பார், ஆரைக் காப்பாத்த நிக்கினம் எண்டு தெரியும்.

சம்பளத்தில மட்டும் ஒரு கோணல். சம்பள உயர்வுக்கு இங்கிலாந்துக்காரர் 'ரைஸ்' எண்டுவினம், அமெரிக்கர் 'ரெய்ஸ்' எண்டுவினம். அது பெயர்ச்சொல், அதால வினையில குழப்பாத.

சீனக்குடா66 | சனி இரவு 9.10

எங்கட சம்பளத்துக்கு ரெண்டும் பொருந்தேல்ல ரீச்சர். அது லை. கிடக்குது.

இடுசொல் | சனி இரவு 9.45

கொஞ்சம் வேற பக்கத்தால வாறன். கிடத்து எண்டது லேக்கு எப்பவும் பொருந்தாது. முட்டையைக் கிடத்துறது எண்டு ஆரும் சொல்லுறதில்லையே. எனக்கு லே எண்டால் முதல்ல ஞாபகம் வாறது 'இடு'.

பாருங்கோ: கோழி முட்டை இடுது, லே. வீட்டுக்கு அத்திவாரம் இடுறம், லே. கோட்டையை முற்றுகை இடுறது, அதுக்கும் லே. திட்டம் இடுறதுக்கும் லே. நாலு இடத்திலயும் ரெண்டு மொழியும் ஒரே சொல்லைத்தான் தூக்குது. ஆரும் ஆரையும் பாத்து எழுதினதில்லை. ஒண்டைக் கொண்டுபோய் நிலத்தோட சேர்த்து வைக்கிறது எண்ட எண்ணத்தில இருந்து ரெண்டு மொழியும் தங்கட பாட்டில கிளை விட்டிருக்குது. எல்லா இடத்திலயும் இல்லை, பழியை நாங்கள் இடுறதில்லை, போடுறம் அல்லது சுமத்துறம். மேசைக்குச் சாப்பாட்டுக் கோப்பை அடுக்குறதையும் அவை லே எண்டுவினம், நாங்கள் சும்மா வைக்கிறம். ஆனால் வாழையிலை இடுறம்தானே!

நான் மேசன் வேலை. அதால அத்திவாரத்தில தொடங்கினன்.

பழையரீச்சர் | சனி இரவு 10.00

'வாழையிலை இடு'. இதை நான் எழுதி வச்சுக்கொள்ளுறன் தம்பி.

நிலாவெளிக்காத்து | ஞாயிறு காலை 8.10

எல்லாருக்கும் நன்றி. எனக்கு விளங்கிட்டுது. காலமை எழும்பி பழைய பலகையைப் பிரட்டிப்போட்டு, மற்றப் பக்கம் வெள்ளை அடிச்சு, புதுசா எழுதினன்: 'அவர் கெஸ்ற்ஸ் லை ஹியர்'. பெயின்ற் காயுது. படம் போடுறன், பாத்துச் சொல்லுங்கோ.

கோட்டைமான் | ஞாயிறு காலை 8.14

ஐயோ அண்ணை.

கோட்டைமான் | ஞாயிறு காலை 8.21

நான் பழைய இடங்கள் பாத்துத் திரியிறவன், அதால சொல்லுறன். எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் சேமக்காலைக்குள்ள போயிருக்கிறீங்களா? 1852இல பர்மாவில செத்த ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்ரினைக் கொண்டுவந்து தாட்ட இடம். ஆங்கிலக் கல்லறைகளில 'ஹியர் லைஸ்' எண்டு தொடங்கி எழுதுறது பழைய வழக்கம். 'இங்கே துயில்கிறார்' எண்ட மாதிரி. நீங்கள் இப்ப எழுதினதை வாசிச்சால் 'எங்கட விருந்தாளிகள் இங்கே துயில்கிறார்கள்' எண்டு வருது. அறை எடுக்க வாறவன் கேற்றோட திரும்பிப் போயிடுவான்.

சீனக்குடா66 | ஞாயிறு காலை 8.30

அது மட்டுமோ? 'எங்கட கெஸ்ற்மார் இங்க பொய் சொல்லுகினம்' எண்டும் வாசிக்கலாம். முதல் முட்டை, பிறகு கல்லறை, பிறகு பொய். அண்ணை, ஒரு சொல்லில மூண்டு வழக்கு.

வோட்நைற் | ஞாயிறு காலை 8.44

'டவுன்' போட்டால் தப்பலாம் அண்ணா. 'லை டவுன்' எண்டால் பொய்யும் இல்லை, கல்லறையும் இல்லை. நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறம்.

பழையரீச்சர் | ஞாயிறு காலை 9.20

தங்கச்சி சொல்லுறது சரி. ஆனால் தம்பி, உங்களுக்கு வினைச்சொல்லே தேவையில்லை. ஆக்களுக்குப் படுக்கத் தெரியும். ஆருக்கு எண்டு மட்டும் சொன்னால் போதும். 'சன்பெட்ஸ்: ஹவுஸ் கெஸ்ற்ஸ் ஒன்லி'. ஒருத்தருக்கும் கீறுறதுக்கு இடம் இல்லை.

நிலாவெளிக்காத்து | ஞாயிறு மாலை 6.35

ரீச்சர் சொன்னபடியே வேற பலகை ஒண்டில எழுதி ஆணி அடிச்சாச்சு. மகள் எழுத்து ஒவ்வொண்டாச் சரி பாத்தாள்.

பழைய பலகையை நான் எறிய வெளிக்கிட, மனிசி விடேல்ல. முட்டை கீறின பக்கத்தைத் திருப்பி, 'அவர் கெஸ்ற்ஸ்' எண்டதுக்கு மேல பச்சைப் பெயின்ற் பூசி, 'ஹென்ஸ்' எண்டு மகளைக் கொண்டு எழுதுவிச்சு, பின் வளவில கோழிக்கூட்டு வாசல்ல தொங்கவிட்டிருக்கிறா. ஆறு கோழி நிக்குது. இண்டைக்கு நாலு முட்டை.

கோட்டைமான் | ஞாயிறு மாலை 6.41

மற்ற ரெண்டும் லைட்.